ஈஸ்டரில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்தநாள் எப்போது?

கேள்வி: என் மகள் 2015 ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில் பிறந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளை. "ஆண்டவர் உயிர்த்த நாளில் வந்தவள், இவளுக்கு ஈஸ்டர்தான் பிறந்தநாள்" என்று என் மாமியார் அன்றே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஈஸ்டர் எந்தத் தேதியில் வந்தாலும் அன்றைக்கே அவள் பிறந்தநாளையும் சேர்த்துக் கொண்டாடுகிறோம். கணவர் வழிச் சொந்தம் எல்லாம் வரும், முப்பது பேருக்குக் குறையாது. ஏப்ரல் 5 அன்று தனியாக எதுவும் செய்வதில்லை. பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலமாக இருக்கும், கொண்டாட்டம் கூடாது என்பார் மாமியார். இந்த 2026-ல் இரண்டும் ஒரே நாளில் வருகின்றன. எல்லோரும் உற்சாகமாக இருக்கிறார்கள். மகள் மட்டும் "எனக்கு ஈஸ்டர் வேண்டாம், பூசைக்கும் வரமாட்டேன், என் பிறந்தநாளை மட்டும் கொண்டாடுங்கள்" என்கிறாள். ஏழு வயதுத் தம்பிக்குச் செப்டம்பரில் தனியாகக் கொண்டாடுகிறோம், அதையும் சொல்லிக் காட்டுகிறாள். கணவர் "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்கிறார். மாமியார் பிள்ளைக்கு விசுவாசம் போய்விட்டதென்று அழுகிறார். அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

குழந்தைகள் மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் முதலில் எடுத்தது பழைய காலண்டர்களைத்தான். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 5 எங்கே விழுந்தது, ஈஸ்டர் எங்கே விழுந்தது என்று எழுதிப் பார்த்தேன். நீங்களும் ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

2016-ல் ஈஸ்டர் மார்ச் 27. அப்படியென்றால் முதல் பிறந்தநாள் கொண்டாடிய அன்று உங்கள் மகளுக்கு ஒரு வயது ஆகவே இல்லை, இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. 2019-ல் ஏப்ரல் 21, பதினாறு நாள் தாமதம். 2022-ல் பன்னிரண்டு நாள். போன வருஷம் ஏப்ரல் 20, பதினைந்து நாள் காத்திருந்திருக்கிறாள். 2021-ல்தான் ஓரளவு நெருங்கி வந்தது, ஒரே ஒரு நாள் முன்னால். ஆக 2016 முதல் 2025 வரை பத்துப் பிறந்தநாள்களில் ஒன்றுகூட ஈஸ்டர் அன்று வரவில்லை. பத்தையும் ஈஸ்டர் அன்றுதான் கொண்டாடியிருக்கிறீர்கள்.

இரண்டும் ஒரே நாளில் வருவதால் வந்த சிக்கல் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சேராத பத்து வருஷமும் சேர்ந்தது போலவே நடந்துகொண்டதால் வந்த சிக்கல் இது. இந்த வருஷம் நிஜமாகவே சேர்ந்து வரும்போது அவளால் சந்தோஷப்பட முடியவில்லை என்றால், அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கடைசியில் ஏப்ரல் 5 ஒரு ஞாயிறாக வருகிறது, எல்லோரும் வீட்டுக்கு வருகிறார்கள், ஆனால் அன்றும் ஈஸ்டர்! பதினோரு வயதுப் பிள்ளையின் இடத்தில் இருந்து பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

ஈஸ்டர் ஏன் இப்படி நகர்கிறது என்று அவளுக்கு யாராவது சொல்லியிருக்கிறீர்களா? சபையின் கணக்குப்படி மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். எல்லோரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று கி.பி. 325-ல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் சங்கமே பேசி முடிவெடுத்தது. இந்தக் கணக்கில் ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த நாளிலும் வரலாம். மற்ற பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்பது வருஷத்தில் நகராத ஒரே நாள். கிழமை மாறும், பள்ளி மாறும், வீடுகூட மாறும், அந்தத் தேதி மாறாது. உங்கள் மகளுக்கு மட்டும் அது நிலாவோடு சேர்ந்து முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கிறது.

சின்ன வயதில் இது அவளுக்கு உறைத்திருக்காது. நான்கைந்து வயது வரை பல பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான் பிறந்தநாள். விழா நடக்காவிட்டால் வயதே கூடாது என்று நினைக்கிற பிள்ளைகளும் உண்டு. அந்த வயதில் நீங்கள் எந்த நாளில் மெழுகுவத்தி ஏற்றினாலும் ஊதியிருப்பாள். ஏழெட்டு வயதுக்கு மேல் கதை வேறு. தேதி புரிகிறது, கூடப் படிப்பவர்களின் பிறந்தநாள் தெரிகிறது, தனக்குக் கிடைப்பதையும் அடுத்தவருக்குக் கிடைப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிகிறது. வகுப்பில் ஏப்ரல் 5 அன்று எல்லோரும் வாழ்த்தியிருப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அது இன்னொரு சாதாரண நாள். இதை எத்தனை வருஷம் பேசாமல் விழுங்கினாளோ தெரியாது. தம்பியின் செப்டம்பர் நாள் வேறு வருஷா வருஷம் கண் முன்னால் நடக்கிறது. அவள் கேட்பதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே வீட்டில் இரண்டு விதி இருப்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். உண்மையில் இருக்கிறதே!

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பிறந்தநாள் டிசம்பர் கடைசி வாரத்தில் வரும். பள்ளிக்கூடம் லீவு, நண்பர்கள் எல்லாம் ஊருக்குப் போயிருப்பார்கள். வருகிறவர்கள் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் சேர்த்து ஒரே பரிசு தருவார்கள். "இரண்டுக்கும் சேர்த்துத்தான்" என்று சொல்லிக்கொண்டே தருவார்கள், அதுதான் இன்னும் மறக்கவில்லை. எத்தனையோ பெரிய பரிசுகள் வாங்கியிருக்கிறேன், ஒன்றும் நினைவில் இல்லை. அந்த வாக்கியம் மட்டும் நிற்கிறது. அதனால் இந்த விஷயத்தில் நான் முழுக்க நடுநிலையாக இருப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சேர்த்துக் கொண்டாடுவதே தவறு என்றும் சொல்லமாட்டேன். சில பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். உலகமே தனக்காகக் கொண்டாடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் எப்படி என்று தெரிய ஒரு சின்னச் சோதனை போதும். அந்த நாளிலிருந்து ஈஸ்டரை மனதால் எடுத்துவிட்டுப் பாருங்கள். அவளுக்கென்று மிச்சம் என்ன இருக்கிறது? வருகிற முப்பது பேரில் அவளுக்காக வருகிறவர் யார்? அவள் கேட்டு அழைத்த ஒரு தோழியாவது உண்டா? உங்கள் கடிதத்தில் மாமியார் சொன்னது இருக்கிறது, கணவர் சொன்னது இருக்கிறது, விருந்தினர் எண்ணிக்கை இருக்கிறது. அவள் பிறந்தநாளை எப்படிக் கொண்டாட ஆசைப்படுகிறாள் என்பது பற்றி ஒரு வரி இல்லை. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. முப்பது பேருக்கு வேலை செய்கிறவருக்கு அதைக் கேட்கவும் நேரம் வேண்டுமே.

இன்னொன்று. 2020-ல் ஈஸ்டர் ஏப்ரல் 12-ல் வந்தது, ஊரடங்குக் காலம். அந்த வருஷம் உங்கள் வீட்டுக்கும் முப்பது பேர் வந்திருக்கமாட்டார்கள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அந்தப் பிறந்தநாள் நினைவிருக்கிறதா என்று சும்மா கேட்டுப் பாருங்கள். என்ன சொல்கிறாள் என்று கவனியுங்கள்.

சரி, "பூசைக்கு வரமாட்டேன்" என்கிற விஷயத்துக்கு வருவோம். வீட்டில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். நான் இதற்கு அவ்வளவு பயப்படமாட்டேன். பதினோரு வயதுப் பிள்ளையின் கையில் பேரம் பேச வேறு என்ன இருக்கிறது? பணம் இல்லை, விருந்தினரை நிறுத்தும் அதிகாரம் இல்லை. பெரியவர்களுக்கு எது ரொம்ப முக்கியமோ அதைத் தொட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். தொட்டாள், திரும்பிவிட்டீர்கள். இதில் விசுவாசத்தைத் தேடாதீர்கள். "கடவுளுக்கு முன்னால் உன் பிறந்தநாள் பெரிதா?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் கடவுளைத் தனக்குப் போட்டியாக நிறுத்துகிறீர்கள் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். அந்தப் போட்டியில் அவள் தோற்றாலும் நஷ்டம், ஜெயித்தாலும் நஷ்டம்.

பூசையையும் பிறந்தநாளையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். "பூசைக்கு வந்தால்தான் பிறந்தநாள்" என்றும் சொல்லாதீர்கள், "பிறந்தநாளைத் தனியாகச் செய்கிறோம், ஆனால் பூசைக்கு வரவேண்டும்" என்றும் சொல்லாதீர்கள். முதலில் பிறந்தநாளைப் பேசி முடியுங்கள். அது முடிந்தபின் பூசையைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் பேச ஒன்றும் இருக்காது. அப்படியும் மறுத்தால் வேறு காரணம் இருக்கலாம். அப்போது அதைத் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.

இப்போது உங்கள் மாமியார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, மரியாதைதான் வருகிறது. ஆறு வருஷம் அவரும்தான் காத்திருந்தார். அந்த நாளில் பேத்தி பிறந்ததைப் பெரிய வரமாக எடுத்துக்கொண்டார். பேத்தியை மறந்துவிட்டு ஈஸ்டரைக் கொண்டாடவில்லை, பேத்தியைக் கொண்டாட அதைவிடப் பெரிய நாள் அவருக்குத் தெரியவில்லை. இதை உங்கள் மகளிடமும் சொல்லவேண்டும், இந்த வார்த்தைகளிலேயே சொல்லலாம்.

ஆனால் "இவளுக்கு ஈஸ்டர்தான் பிறந்தநாள்" என்ற கதையை வருஷா வருஷம் முப்பது பேர் முன்னால் கேட்டு வளர்ந்தவள் அவள். அந்தக் கதையைக் கவனித்துப் பாருங்கள், அதில் நாயகி அவள் இல்லை, நாள்தான். பாட்டியிடம் வேறு கதை கேளுங்கள். எத்தனை மணிக்குப் பிறந்தாள், பிறந்ததும் எப்படி அழுதாள், முதலில் யார் கையில் வாங்கினார்கள், அன்றைக்கு வெளியே காத்திருந்த தாத்தா என்ன பண்ணினார், யார் யாருக்கு முதலில் சொன்னீர்கள். இந்த விவரங்கள் பாட்டியிடம் நிச்சயம் இருக்கும். அதைப் பேத்தியிடம் மட்டும், கூட்டம் இல்லாத நேரத்தில் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தாங்கள் பிறந்த கதை எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காது.

தவக்காலத்தில் கொண்டாட்டம் கூடாது என்கிறாரே, அதையும் பார்ப்போம். கணக்குப் பார்த்தால் அந்தப் பத்து வருஷத்தில் ஏப்ரல் 5 தவக்காலத்தில் விழுந்தது ஆறு முறை. மற்ற நான்கு முறை, 2016, 2018, 2021, 2024-ல், ஈஸ்டர் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்த நான்கிலும் அதே நாளில் கொண்டாட எந்தத் தடையும் இருந்திருக்காது, இருந்தும் கொண்டாடவில்லை. எனவே தவக்காலம் மட்டும் காரணம் இல்லை, பழக்கமும் ஒரு காரணம்.

நான் குருவானவர் இல்லை, திருச்சபைச் சட்டம் என் துறையும் இல்லை. ஆனாலும் எல்லோரும் படிக்கக்கூடிய விஷயம் என்பதால் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி நோன்பு 18 வயது நிறைந்தவர்களுக்கு, இறைச்சி தவிர்ப்பது 14 வயது நிறைந்தவர்களுக்கு. பதினோரு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் கட்டாயம் இல்லை. தவக்காலத்தின் உணர்வைப் பிள்ளைகளுக்கும் கற்றுத்தர வேண்டும் என்று பாட்டி சொன்னால் அதுவும் நியாயம்தான். அப்புறம், தவக்காலத்து நாற்பது நாளில் ஞாயிறு சேராது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனி வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள் வரும், ஆறு ஞாயிறைக் கழித்துத்தான் நாற்பது. தவக்காலத்தில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளை அடக்கமாக, வீட்டோடு, நான்கு பேர் சேர்ந்து கொண்டாடுவதற்கு உங்கள் பங்குத்தந்தை என்ன சொல்கிறார் என்று பாட்டியே கேட்டுவிட்டு வரட்டும். அவர் வாயால் வந்தால் பாட்டிக்கு நிம்மதி, நீங்கள் சொல்லி வந்தால் மருமகள் சொல்லிவிட்டாள் என்றாகும்.

அதனால் இந்தப் பேச்சை மாமியாரிடம் நீங்கள் எடுக்காதீர்கள். உங்கள் கணவர் எடுக்கட்டும். அவர் அம்மா, அவர் மகள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று சொன்னவருக்கு இந்த வேலையைக் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் குறும்பான திருப்தியும் உண்டு. செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை கேட்கிற பொருளைப் பற்றிப் பேசும். உங்கள் மகள் பொருள் எதுவும் கேட்கவில்லை, தேதி கேட்கிறாள். காசு செலவில்லாத விஷயம் என்று கணவரிடம் சொல்லிப் பாருங்கள்.

வருகிற ஏப்ரல் 5-ஐ என்ன செய்வது? இங்கே உங்களுக்கு வழிபாட்டு முறையே கை கொடுக்கிறது. ஈஸ்டர் ஞாயிறு காலையில் தொடங்குவதில்லை. சனிக்கிழமை இரவு இருட்டிய பிறகு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பிலேயே ஈஸ்டர் தொடங்கிவிடுகிறது. புதுத் தீயை மந்திரித்து, அந்த வருஷத்தின் எண்கள் பொறித்த பாஸ்கா திரியை, அதாவது பெரிய மெழுகுவத்தியை, அதில் ஏற்றி, அல்லேலூயா பாடுவதெல்லாம் அந்த இரவில்தான். அதற்குப் போய்வந்தால் ஞாயிறு பூசைக் கடமையும் நிறைவேறிவிடும். எனவே குடும்பமாகத் திருவிழிப்புக்குப் போய்விட்டால் ஞாயிறு காலை முழுக்க அவளுக்கு. பாட்டிக்குக் காலைப் பூசைக்கும் போக ஆசை என்றால் தாராளமாகப் போகட்டும், மகன் கூட்டிக்கொண்டு போகட்டும்.

திருவிழிப்பு நீளமானது, பிள்ளைக்குத் தூக்கம் வரும். இரவா, காலையா என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டில் எதைச் சொன்னாலும் அது அவள் முடிவு. இதற்கு முன் யாரும் அவளிடம் இந்த நாளைப் பற்றி முடிவு கேட்டதே இல்லை. திருவிழிப்புக்கு வந்தாளென்றால் பாஸ்கா திரியில் 2026 என்ற எண்களைக் காட்டுங்கள். அவள் பிறந்த வருஷம் அங்கே 2015 என்று இருந்திருக்கும்.

உறவினர்களுக்கு முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். பிறந்தநாள் பரிசு கொண்டுவந்தால் பிறந்தநாளுக்கு என்றே கொண்டுவாருங்கள். மத்தியானத்துக்குப் பிறகு வாருங்கள். வருகிறவர்கள் வாசலில் எல்லோருக்கும் ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கடைசியில் "ஓ, உனக்குப் பிறந்தநாளும் இல்லையா" என்று அவள் தலையைத் தட்டுவார்கள். முதலில் அவளுக்குச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு ஈஸ்டர். இது ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரியும். அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை.

தோழிகளை அழைக்க ஆசைப்பட்டால் அந்த ஞாயிறு சரிப்படாது. கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் அவரவர் வீட்டில் இருப்பார்கள். அடுத்த வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். "மறுபடியும் வேறு நாளா?" என்று முகம் சுளித்தாளானால், வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இந்த வருஷம் இப்படிப் போய்விடும். பெரிய வேலை அடுத்த வருஷத்திலிருந்துதான். இப்போதே அவளிடம் ஒரு வாக்குக் கொடுங்கள்: இனி ஏப்ரல் 5 அன்றுதான் உன் பிறந்தநாள். பெரிதாக இல்லாமல் போகலாம், தேதி மாறாது. ஈஸ்டருக்கு எப்போதும் போல முப்பது பேர் வரட்டும், அது குடும்பத்தின் நாள், அதில் அவளும் ஒரு ஆள். 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28, அவள் பிறந்தநாள் அதற்கு எட்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை. ஒரு சிக்கலும் இல்லை. 2028-ல் ஏப்ரல் 5 தவக்காலத்துப் புதன், அன்று அடக்கமாகச் செய்யுங்கள், ஆனால் செய்யுங்கள். 2029-ல் ஈஸ்டர் முடிந்த நான்காம் நாள். 2030-ல் தவக்காலத்து வெள்ளி. அப்போது அவளுக்கு 15 வயது, அன்று என்ன சாப்பிடுவது, எப்படிக் கொண்டாடுவது என்பதை அவளே பாட்டியிடம் பேசிக்கொள்வாள்.

இரண்டும் மறுபடி ஒரே நாளில் வருவது 2037-ல், அவளுக்கு 22 வயதில். இதையும் அவளிடம் சொல்லுங்கள், ஆனால் "இனி பதினோரு வருஷம் கழித்துத்தான் வரும், அதனால் சேர்த்துக் கொண்டாடு" என்று சொல்வதற்காக அல்ல. அவள் கையில் காலண்டரைக் கொடுத்து, அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். ஈஸ்டரில் பிறந்தவள் என்பதில் அவளுக்கே ஒரு பெருமை இருக்கத்தான் செய்யும். பத்து வருஷமாக அடுத்தவர்கள் அதைப் பேசியதால் அவளுக்குப் பேச இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"எப்படிச் சம்மதிக்க வைப்பது" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இன்று இரவே நீங்களும் கணவரும் அவளோடு உட்காருங்கள். இத்தனை வருஷம் உன் தேதியை நாங்கள் கவனிக்கவில்லை, தப்பு எங்கள் மேல் என்று நேராகச் சொல்லுங்கள். பாட்டியை அதில் இழுக்காதீர்கள். சொல்லிவிட்டு அவள் பேசும்வரை பேசாமல் இருங்கள். தம்பியை மட்டும் அந்த நேரத்தில் வெளியே விளையாட அனுப்பிவிடுங்கள். கூட உட்கார்ந்தால் தன் செப்டம்பரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டான்.